பட்டனுக்குக் காவல் போன லிஃப்ட்காரர்

பன்னிரண்டாவது மாடியில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து, கால்களை இருட்டுக்குள் தொங்கவிட்டபடி நிதானமாகத் தேநீர் குடிக்கக்கூடிய மனிதர் அவர். இருபத்தாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். ஆறடி உயரம், அதற்கேற்ற குரல். ஆனால் நாயைக் கண்டால் மட்டும் தெருவையே மாற்றிக்கொண்டு போவார்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு நாய் வந்தது மகளால். வெளியூரில் வேலை கிடைத்துக் கிளம்பியவள், "ரெண்டே மாசம்ப்பா, வீடு பாத்ததும் கூட்டிட்டுப் போயிடறேன்" என்று பட்டனை விட்டுவிட்டுப் போனாள். குட்டைக் கால், நீளக் காது, நடந்தால் தரையைப் பெருக்கும் வயிறு, அதுதான் பட்டன். முதல் வாரம் துடைப்பத்தின் நுனியால்தான் அதற்குச் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தினார் லிஃப்ட்காரர். வீடு பார்த்தாயிற்று என்று மகள் போன் செய்தபோது, "புது இடம் அதுக்கு ஒத்துக்காதும்மா, இங்கயே இருக்கட்டும்" என்று சொன்னவரும் அவர்தான். பக்கத்தில் நின்ற மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

தினமும் காலை ஆறு மணிக்கு அவரும் பட்டனும் நடக்கப் போவார்கள். தெருமுனையில் ஒரு மரக்கடை. அங்கே கறுப்பாக, கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாய். கடைக்குள் வருகிறவர்களையெல்லாம் மேலும் கீழும் பார்ப்பதால் தெருவில் அதற்கு மேனேஜர் என்று பெயர். ஒருநாள் திறந்து கிடந்த கேட் வழியாக மேனேஜர் பாய்ந்து வந்து பட்டனின் காதைக் கவ்வியது. லிஃப்ட்காரர் என்ன செய்தார் என்று அவருக்கே சரியாகத் தெரியாது. எதிர்வீட்டு டெய்லர் ஜன்னலிலிருந்து பார்த்துச் சொன்னதுதான் கணக்கு: பட்டனைப் பிடுங்கித் தலைமேல் தூக்கிக்கொண்டு, நின்றிருந்த சரக்கு வண்டியின் மீது ஒரே தாவலில் ஏறிவிட்டாராம். பயத்தில் பட்டன் அவர் சட்டையை நனைத்தது தனிக்கதை.

கடைக்குப் பின்னாலேயே குடியிருக்கும் கடைக்கார அம்மாள் வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தாள்.

"அது ஒண்ணும் பண்ணாது சார். விளையாடுது."

"காதுல ரத்தம் வருதும்மா!"

"கொஞ்சம் வேகமா கொஞ்சியிருக்கும்."

கால்நடை மருத்துவர் இரண்டு தையல் போட்டார். போட்டுக்கொண்டே பாடமும் நடத்தினார். "ஓடாதீங்க, ஓடினா துரத்தும். உங்க நாயைப் பின்னால விட்டுட்டு நீங்க முன்னால நில்லுங்க. கையில குடை வெச்சுக்கங்க. கிட்ட வந்தா சட்டுனு விரிச்சு, கெட்டியான குரல்ல ஒரே ஒரு தடவை 'போ'ன்னு சொல்லுங்க."

அன்று முதல் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை. மனைவிதான் மேனேஜர். அவள் சோபாவுக்குப் பின்னாலிருந்து உறுமிக்கொண்டு வர, இவர் குடையை விரிக்க வேண்டும். இரண்டாம் நாள் குடை சுவர்க்கடிகாரத்தைக் கீழே தள்ளியது. "கடிகாரம் ஓடறது நின்னு போச்சு. நாயாவது ஓடுமான்னு பாக்கலாம்" என்றாள் அவள்.

காதுத் தையல் பிரித்த மறுநாள் சோதனை வந்தது. மேனேஜர் தலையைத் தாழ்த்திக்கொண்டு நேராக வந்தது. லிஃப்ட்காரருக்கு ஓடத்தான் தோன்றியது. ஆனாலும் நகரவில்லை. பட்டனைக் காலுக்குப் பின்னால் தள்ளினார். படாரென்று குடை விரிந்தது. மூச்சை இழுத்துப் பிடித்து, தெருவே கேட்கும்படி கத்தினார்:

"போங்க!"

இத்தனை மரியாதையை மேனேஜர் அதுவரை கண்டதில்லை போலும். நின்றது. குடையைப் பார்த்தது. பிறகு திரும்பி நடந்துவிட்டது. ஜன்னலில் டெய்லர், "உக்காந்து ஒரு வாய் காபி சாப்பிட்டுப் போங்கன்னும் சொல்லியிருக்கலாமே சார்" என்றார். லிஃப்ட்காரர் திரும்பிப் பார்க்கவே இல்லை. குடைக்குப் பின்னால் அவர் முகம் பூராவும் சிரிப்பு.

ஆனால் தினம் தினம் குடையோடு போர்க்களம் போவது நடக்கிற காரியமா? அன்றுதான் அந்தக் கேட்டைத் தொழில்காரக் கண்ணோடு பார்த்தார். கீல் தொய்ந்து, கேட் தரையில் உரசிக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் ஒரு விரல் தள்ளி நின்றது. நேராகக் கடைக்குள் போனார்.

"இதை ஏம்மா மூடறதில்ல?"

"மூடினாத் திறக்க முடியல, திறந்தா மூட முடியல. எனக்குத் தோள்பட்டை வலி வேற. நான் என்ன செய்ய?" அவள் குரலில் சண்டை இல்லை. அலுப்புதான் இருந்தது. திட்டுவதற்காகத் தயார் செய்துகொண்டு போன நாலு வாக்கியங்களையும் லிஃப்ட்காரர் அப்படியே விழுங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை கருவிப்பையோடு வந்தார். பழைய லிஃப்டிலிருந்து கழற்றிய கதவு ஸ்பிரிங் ஒன்று அவரிடம் இருந்தது. தானாக இழுத்து மூடும் வகை. மேனேஜரைத் தூணில் கட்டியிருந்தார்கள், சரியாக ஐந்தடி தூரத்தில். மூன்று மணி நேரமும் அது உறுமியபடியே மேற்பார்வை பார்த்தது. உயரத்தில் ஒற்றைக் கையால் நட்டு முடுக்குகிற மனிதருக்கு, தரையில் உட்கார்ந்திருக்கையில் ஸ்பானர் நான்கு முறை நழுவியது. கீலை மாற்றி, கேட்டை ஒரு விரல் உயர்த்தி, ஸ்பிரிங்கை மாட்டினார். கையை விட்டதும் கேட் தானே போய், 'டக்' என்று பூட்டிக்கொண்டது. அந்த அம்மாள் குழந்தை மாதிரி ஏழெட்டு முறை திறந்து விட்டுப் பார்த்தாள்.

மறுநாள் விடிந்ததும் போன். "சார், பேப்பர் எடுக்க வெளிய வந்தேன். உள்ளாரப் போக முடியல. நைட்டியோட நிக்கறேன், சீக்கிரம் வாங்க!" ஓடிப்போய் வெளிப்பக்கம் ஒரு கைப்பிடி வைத்துக் கொடுத்தார்.

இப்போது மேனேஜர் கம்பிகளுக்கு உள்ளே. பட்டனுக்கோ எங்கிருந்தோ வீரம் வந்துவிட்டது. தினமும் கேட்டுக்கு நேராக உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்கப் பத்து நிமிடம் குரைத்துத் தீர்க்கிறது. இழுத்தால் வருவதில்லை. லிஃப்ட்காரர் கயிற்றைப் பிடித்தபடி, அந்த நாய் யாருடையதோ என்கிற பாவனையில், எதிர்ச்சுவரில் ஒட்டிய விளம்பரத்தை ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டு நிற்கிறார்.