புளியமரச் சாலை விறகு

சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில், பிரியாணி அடுப்பில் புளிய விறகு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் புகை மூக்கில் ஏறியதும், அதிராம்பட்டினத்துக்கு வெளியே, இருபுறமும் புளியமரங்கள் அடர்ந்து வெயிலே இறங்காமல் கிடந்த எங்கள் சாலைக்குப் போய்விட்டேன். இப்போது அங்கே நிழலே கிடையாது.

ஒரு புயலில் அத்தனை மரமும் சாய்ந்துவிட்டது. சிலிண்டர் வர வழியில்லை. வேண்டியவர்கள் வெட்டிக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். ஊர்ப் பெண்களெல்லாம் அரிவாளோடு கிளம்ப, உம்மா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டாள். வாப்பா சவுதியில் சம்பாதிக்கும்போது அவள் விறகு பொறுக்கினால் நாலு பேர் என்ன பேசுவார்களோ என்ற பயம் அவளுக்கு. பக்கத்து வீட்டு ராசாத்தி அக்கா வந்து கதவைத் தட்டினாள்.

"வாங்கக்கா. புள்ளைங்க நேத்துலேர்ந்து பன்னு தின்னுட்டுக் கெடக்குதுங்க."

உம்மா தலையோடு மூடும் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, அரிவாளோடு இறங்கினாள். ஈரப்பட்டை வாசமும், காலில் நசுங்கிய இலைகளின் புளிப்பும், காய்ந்த கொப்புகள் முறியும் சத்தமும், பெண்களின் சிரிப்புமாக இருந்த அந்தச் சாலையில், கொஞ்ச நேரத்தில் துப்பட்டியையே சுருட்டிச் சும்மாடாக்கி, விறகுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு, எங்களுக்கெல்லாம் முன்னால் நடந்தாள்.

புயலில் அறுந்துபோன போன் இணைப்பு சரியான அன்று வாப்பா பதறிப்போய்ப் பேசினார். "சமையலுக்கு என்ன பண்றே?"

உம்மா எதையாவது சொல்லி மறைப்பாள் என்று நினைத்தேன்.

"நானே போயி வெறகு வெட்டிட்டு வந்தேன் மச்சான்," என்றாள். எப்படி வெட்டினாள் என்று அவர் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.