போத்தல் இல்லாத தலைத் தீபாவளி

வீரசிங்கம் அண்ணன் குடியை விட்டுவிட்டார் என்ற செய்தி எங்கள் மஹியாவைக் குடியிருப்புக்குள் வந்தபோது முதலில் சிரித்தவள் நான்தான். சிரிக்காமல் என்ன செய்வது? அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அந்தப் பக்கம் நடந்த கூத்தெல்லாம் எனக்கு மனப்பாடம்.

மாநகர சபையில் தண்ணீர்க் குழாய் திருத்தும் வேலை அவருக்கு. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் தீபாவளி வந்தால் விடிய எண்ணெய் முழுக்கு, புதுச் சாரம், கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, நேரே சாராயத் தவறணை. மத்தியானத்துக்குள் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து தொப்பென்று போட்டுவிட்டுப் போவார்கள். மகள் சந்திரிகா சின்னவளாக இருந்தபோது, வாவிக்கரைக்குப் போகலாம் என்ற அப்பாவின் பேச்சை நம்பிப் புதுச்சட்டையோடு காத்திருந்து வாசலிலேயே தூங்கிப்போவாள். அவளைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தியதும் நான்தான். அப்போது அந்த மனிதர் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நான் வேதக்காரி, யேசு பிறந்த நத்தாருக்கு என் புருஷன் வில்பிரட் குடித்துவிட்டு ஆடுகிற ஆட்டமும் இதற்குக் குறைந்ததில்லை. அதனால்தான் ஆத்திரம் இரட்டிப்பாக வந்ததோ என்னவோ.

சந்திரிகாவை மடுல்கெல்லத் தோட்டத்து லொறிச் சாரதி அழகரின் மகனுக்குக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு முதல்நாள் அவள், "அப்பா, நாளைக்கு மட்டும் நிதானத்தோட நின்னு என்னைத் தாரை வார்த்துக் குடுங்க" என்று அழுதாள். அவரும் நின்றார். சம்பந்தி அழகர் போத்தலை நீட்டியபோது, "தலைத் தீபாவளிக்கு வச்சுக்குவோம் சம்பந்தி" என்று சமாளித்துவிட்டார். அன்று சாயங்காலம் பந்தல் பிரிக்கும்போது என்னிடம் வந்து சொன்னார்: "பியட்றிஸ், இன்னைக்கு எல்லாத்தையும் பாத்தேன். யாரு வந்தாங்க, யாரு அழுதாங்க, எம் மக எப்புடிச் சிரிச்சான்னு எல்லாம் தெரியும். இந்த மாதிரி எத்தனை நாளைத் தொலைச்சிட்டேன்!"

அதோடு குடியை விட்டார். மாதங்கள் போயின. நானும் சிரிப்பதை நிறுத்தினேன்.

சிக்கல் தீபாவளியோடு வந்தது. தலைத் தீபாவளிக்குச் சம்பந்தி வீட்டார் வந்தால், பெண்ணின் தகப்பன் தன் கையால் ஊற்றிக் கொடுத்து, அவர்களோடு சேர்ந்து முதல் கிளாஸைக் குடிக்க வேண்டும். பிறகுதான் இலையில் கை வைப்பார்கள். இது மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்து மரியாதை. தொண்ணூற்று நாலாம் வருஷம் அது. முறுக்குப் பிழிய உதவிக்குப் போயிருந்தேன். வீரசிங்கம் அண்ணனின் மனைவி இராஜேஸ்வரி அடுப்படியில் அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"முருகனுக்கு நேர்த்தி வச்சிருக்கேன்னு சொல்லிருங்களேன். சாமி பேரச் சொன்னா யாரும் வற்புறுத்த மாட்டாங்க."

"நேர்த்தின்னா அதுக்கு ஒரு முடிவு இருக்கு. முடிஞ்ச மறுநாளே போத்தலோட வந்து நிப்பாங்க. சாமிக்குப் பின்னாடி நான் ஏன் ஒளியணும்?"

"அப்ப ஒரு கிளாஸ் குடிச்சுத்தான் வைங்களேன். ஒங்க வைராக்கியத்துக்கு எம் புள்ளையோட வாழ்க்கையா?"

அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினார். "ஒரு கிளாஸ் குடிச்சேன்னா அன்னைக்கே பழைய ஆளாயிருவேன். எனக்கு என்னைத் தெரியும் புள்ள. இந்த வீட்டுல போத்தல் இல்ல. ஆனா தீபாவளி இருக்கு. பாரு."

சொன்னபடி செய்தார். விடிய எழும்பி ஆட்டிறைச்சிக் கறியைத் தானே ஆக்கினார். யாரிடமோ கேட்டு விளையாட ஒரு கரம் போர்டை வாங்கி வந்து சுவரில் சாய்த்து வைத்தார். முதல்நாளே வந்திருந்த மகளையும் மருமகனையும் கோயிலுக்கு அழைத்துப் போய்வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. இராஜேஸ்வரிதான் வாசலைப் பார்ப்பதும் கையைப் பிசைவதுமாக இருந்தாள்.

அழகரும் அவர் மனைவி அங்கம்மாவும் பத்து மணி போல வந்தார்கள். பலகாரம், பேச்சு எல்லாம் ஆயிற்று. பாய் விரித்து ஆண்களுக்கு இலை போட்டதும், அழகர் துணிப்பைக்குள்ளிருந்து சாராயப் போத்தலை எடுத்து நடுவில் வைத்தார்.

"சம்பந்தி, கல்யாணத்தன்னைக்குச் சொன்ன வாக்கு. ஊத்துங்க."

"அன்னைக்கு அப்புடிச் சொன்னது தப்பு, சம்பந்தி. நான் விட்டுட்டேன்."

"நேர்த்தியா?"

"இல்ல."

"ஒடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். குடிக்கிறதில்ல, அவ்வளவுதான்."

அழகரின் முகம் கறுத்தது. தானே இரண்டு கிளாஸில் ஊற்றி ஒன்றை நீட்டினார். "காரணமே இல்லாம வேணாங்கிறீங்கன்னா எங்களத்தான் வேணாங்கிறீங்க. நீங்க தொடாம நாங்க இலையில கை வைக்க மாட்டோம். மருமகளே, துணிமணிய எடு, கெளம்புவோம்."

சந்திரிகாவின் முகத்தில் இரத்தமே இல்லை. அவள் புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கே ஒரு கணம், குடித்துத் தொலைத்தால்தான் என்ன என்று தோன்றிவிட்டது.

வீரசிங்கம் அண்ணன் கிளாஸை வாங்கவில்லை. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நீங்க குடிங்க சம்பந்தி, நான் தடுக்கல. ஒங்களுக்கு இந்த வீட்டுல மரியாதை கொறையாது. கால்ல விழச் சொன்னாலும் எம் மகளுக்காக விழுறேன். இத மட்டும் கேக்காதீங்க."

 அப்போது அடுப்படியிலிருந்து அங்கம்மா வந்தாள். கல்யாணத்தில்கூட அவள் குரலை நாங்கள் கேட்டதில்லை. ஆண்களின் வரிசையில் ஓர் இலையைப் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"சம்பந்தியம்மா, எனக்குச் சோறு போடுங்க."

"ஏய், என்ன பண்ற நீ?" என்றார் அழகர்.

"பசிக்குது. கல்யாணங் கட்டின நாள்லேருந்து தீபாவளிச் சோத்த நான் சூடாத் தின்னதில்ல. நீங்க குடிச்சு முடிச்சு, தின்னு முடிச்சு, வாந்திய நாங்க கழுவி முடிச்ச பொறகுதான் எங்களுக்குச் சோறு. இன்னைக்குத்தான் ஒரு மனுசன் சூடாப் போட நிக்கிறாரு. நீங்க கெளம்புறதுன்னா கெளம்புங்க. நான் தின்னுட்டு வாறேன்."

இராஜேஸ்வரி சோற்றை அள்ளிப் போட்டாள். எனக்குக் கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சந்திரிகா போய் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அவள் புருஷன் உட்கார்ந்தான். அழகர் எழுந்து நின்று முறைத்தார். கையிலிருந்ததை ஒரே மடக்கில் குடித்தார். கூடக் குடிக்க ஆளில்லாததால் அந்தக் குடி அங்கேயே முடிந்தது. பிறகு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே உட்கார்ந்து, கறியை மட்டும் மூன்று தடவை கேட்டு வாங்கினார்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கரம் போர்டு இறங்கியது. நாலாவது ஆளுக்காக என் வில்பிரட்டையும் இழுத்து வந்தார்கள். அழகர் சிவப்புக் காயை விழுத்துவதில் கெட்டிக்காரர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் போட்ட கூச்சலில் எங்கள் வரிசையே எட்டிப் பார்த்தது. வீரசிங்கம் அண்ணன் ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்றார். தோற்றுத் தோற்றுச் சிரித்தார். சந்திரிகா அவர் தோளில் சாய்ந்துகொண்டு, "அப்பா, அந்தப் பக்கம் அடிங்க, அந்தப் பக்கம்!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

மழை விட்டதும் வழியனுப்ப எல்லாரும் பஸ் நிலையத்துக்கு நடந்தோம். அங்கம்மாவின் பலகாரப் பையை நான் வைத்திருந்தேன். மடுல்கெல்ல பஸ் வந்து நின்றும் அழகர் ஏறவில்லை. வீரசிங்கம் அண்ணனை எனக்குப் பக்கத்திலிருந்த தூணோரம் இழுத்தார். காலையில் இரைந்த குரல் இப்போது தாழ்ந்திருந்தது.

"சம்பந்தி, விட்ட புதுசுல கை நடுங்குமாமே. நெசமா?"

"நெசந்தான்."

"தேத்தண்ணிக் கோப்பையக்கூடப் புடிக்க முடியாதாமே."

"ரெண்டு கையாலயும் புடிச்சுக்குங்க."

"அப்பவும் சிந்துச்சின்னா?"

"பஸ்ஸப் புடிச்சு இங்க வந்துருங்க, சம்பந்தி. நான் புடிச்சுக்கிறேன்."