சல்லிக் கரையில் வீசிய வெள்ளைத் துணி

நேற்றுக் காலை மூன்று மாணவர்கள் வந்து, தங்கள் மாநாட்டுக்கு நான் தலைமை தாங்க வேண்டும் என்று ஓர் அழைப்பிதழை நீட்டினார்கள். 'பத்திரிகைத் தொழிலும் சமூகப் பொறுப்பும்' என்பது தலைப்பு. அச்சு மை இன்னும் சரியாகக் காயவில்லை, பெருவிரலில் ஒட்டிக்கொண்டது. அவர்கள் போன பிறகும் விரலை முகர்ந்துகொண்டே இருந்தேன். மனைவி பார்த்துவிட்டு, "என்ன, மூக்குத்தூள் பழகுறீங்களோ?" என்று கேட்டாள்.

இதே தலைப்பில் நாங்களும் ஒரு மாநாடு நடத்தியவர்கள்தான். யுத்த காலம், திருகோணமலை. யப்பான் விமானங்கள் குண்டு போட்டுப் போனதற்கு அடுத்த வருஷம். பள்ளிக்கூடத்தைப் படைக்காரர் எடுத்துக்கொண்டதால் தென்னங்கிடுகு வேய்ந்த கொட்டிலில் படித்தோம். துறைமுகம் நிறையக் கப்பல். சந்தைக்குப் போனால் நாலு தேசத்து மாலுமிகள். ஊரே கொதித்துக்கொண்டிருக்கும்போது பதினேழு வயதுக்காரர் சும்மா இருப்பார்களா? பத்திரிகை தொடங்கினோம்.

பத்திரிகை என்றால் கையெழுத்துப் பத்திரிகை. கடுதாசித் தட்டுப்பாட்டில் மாதம் ஒரே ஒரு பிரதிதான். அது வீடு வீடாகப் போகும். 'துறைமுகத் தூதன்' என்று பெயர். மைத்தூளைக் கரைத்துப் பரிமளம் முழுவதையும் எழுதுவாள். எங்கள் வகுப்புத்தான், ஆனால் பத்திரிகைக்கு ஆசிரியர் அவள். அவளுடைய எழுத்தில் என் உளறல்கள்கூட உண்மை போலத் தெரியும். நான் 'விசேட நிருபர்'. பட்டத்தை எனக்கு நானே சூட்டிக்கொண்டேன்.

ஒருநாள் சைக்கிளில் சல்லி என்ற மீனவக் கிராமத்துப் பக்கம் போனேன். கடலோரப் பாறை உச்சியில் ஒரு மனிதர் நின்று கடலைப் பார்த்து வெள்ளைத் துணியை வீசிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் இரண்டு வீச்சு, வலப்பக்கம் ஒன்று. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடலில் யப்பான்காரன், கரையில் சைகை! வந்த வேகத்தில் திரும்பிப் போய் எழுதினேன்: 'சல்லிக் கரையில் மர்மக் கொடி. எம்மைக் கண்டதும் அவன் திடுக்கிட்டான்.'

"ஆளோடை கதைச்சனீரோ?" என்று பரிமளம் கேட்டாள்.

"ஒற்றனோடை ஆரும் கதைப்பினமோ?" என்றேன்.

அந்த இதழுக்கு இருந்த கிராக்கியைச் சொல்லி முடியாது. அந்தச் சூட்டிலேயே மாநாடு கூட்டுவது என்று முடிவாயிற்று. பெரியவர்கள் யாரும் மேடையில் இல்லை, எல்லாம் நாங்களே. பழைய கலண்டர்களின் பின்பக்கத்தில் அறிவித்தல் எழுதிச் சந்தையெங்கும் ஒட்டினோம்: 'எவரும் வரலாம், எவரும் கேள்வி கேட்கலாம்.' தகரத்தைச் சுருட்டி ஒலிபெருக்கி செய்தோம். முதல் பேச்சாளன் நான். கண்ணாடி முன் நின்று கையை எப்படி உயர்த்துவது என்று ஒரு கிழமை, ஏழு நாளும் பழகினேன்.

மாநாட்டன்று கொட்டில் நிரம்பி வழிந்தது. நான் கையை உயர்த்தி, "உண்மையே எமது ஆயுதம்" என்று முழங்கினேன். கைதட்டல்! அது அடங்குமுன் கடைசி வரிசை வாங்கிலிருந்து ஒருவர் எழுந்தார். பாறையில் நின்ற அதே மனிதர்.

"தம்பி, அந்தக் கொடிக் கதையை எழுதினது ஆர்?"

தகரக் குழாயைக் கீழே வைத்தேன். "நான்தான்."

"நான் கதிராமர். மீனுக்கெல்லோ துணி வீசினனான். கரைவலைத் தோணியிலை நிக்கிறவனுக்கு மீன் எந்தப் பக்கம் திரும்புதெண்டு தெரியாது. மேலை நிக்கிற எனக்குத்தான் தெரியும். நேவிக்காரர் வந்து பிடிச்சு ரெண்டு நாள் வைச்சிருந்தவங்கள். இப்ப பாறையிலை ஒருத்தரும் ஏறேலாதாம். ரெண்டு கிழமையா வலை வெறுமையா வருது. ஊரே பட்டினி." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்டைக்கு உங்களைக் கண்டு கை காட்டினனான். ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

இதழை வாசித்த வீடொன்றில் கடற்படைக் கந்தோரில் வேலை செய்யும் கிளாக்கர் ஒருவர் இருந்திருக்கிறார். அவர் மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார். நான் வெட்கத்தில் செத்தேன். "பிழை என்னுடையது" என்றேன்.

பரிமளம் நிகழ்ச்சி நிரலை மடித்து வைத்தாள். "தீர்மானங்கள் பிறகு. முதல்லை இவரின்ரை பாறையைத் திருப்பி வாங்கிக் குடுப்பம்."

அதன் பிறகுதான் உண்மையான மாநாடு! கூட்டம் முழுவதும் கதிராமரைச் சுற்றிக்கொண்டது. அவர் சொல்லச் சொல்ல ஒருவன் பாறையையும் தோணியையும் வலையையும் படம் கீறினான். ஒருத்தி ஆங்கிலத்தில் எழுதினாள். ஒரு மணித்தியாலத்தில் மனு தயார். கடற்படைக் கந்தோர் இருந்த ஓர்ஸ் ஹில் குன்றின் ஏற்றத்தில் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் ஓடினோம். கந்தோரில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி மனுவை இரண்டு தரம் வாசித்தார். என்னைக் கைகாட்டி, பொய் எழுதியவன் இவனா என்று கேட்டார். ஓம், நான்தான் என்றேன். நாளைக் காலை தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

சொன்னபடி வந்தார். கதிராமரோடு அவரும் பாறையில் ஏறினார். கீழே வலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நின்றோம். மீன் வராவிட்டால் என் கதை அல்லவா உண்மையாகிவிடும்! முத்துமாரியம்மனுக்கு நான் நேர்ந்த நேர்த்திகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். திடீரென்று கதிராமரின் துணி உயர்ந்தது. இடப்பக்கம் இரண்டு வீச்சு. தோணி வளைந்தது. நீரில் கறுத்துத் திரும்பிய கூட்டத்தை மேலே நின்ற அதிகாரியும் கண்டுவிட்டார் போலும். தன் தொப்பியைக் கழற்றி அவரும் வீசத் தொடங்கினார்! கரையே கூவியது. வலை இழுக்கும் அம்பாப் பாட்டைப் பாடி இழுத்தோம். உள்ளங்கை உரிந்தது. வலை நிறையப் பாரை மீன். அதிகாரி அங்கேயே ஜீப்பின் மேல் வைத்து அனுமதிச் சீட்டை எழுதிக் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு இருந்ததில்லை.

இனி என் தண்டனை. எங்கள் பத்திரிகையை வாசித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைப்பது வழக்கம். கதிராமரையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், "நான் எழுதியது பொய், ஆள் இவர்" என்று சொன்னேன். போன வீடெல்லாம் அவருக்குத் தேத்தண்ணீரும் எனக்கு ஏச்சும் கிடைத்தன. ஒரே ஒருவரைத்தான் பிடிக்க முடியவில்லை. குண்டுக்குப் பயந்து குடும்பத்தோடு யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏறிவிட்டார். ஒரு ஆள்தானே என்று விட்டுவிட்டோம்.

யுத்தம் முடிந்தது. பரிமளம் கலியாணம் முடித்து மலாயாவுக்குப் போனாள். 'தூதன்' இதழ்களைக் கறையான் தின்றது. கதிராமரும் காலமானார். அவருக்குப் பிறகு அந்தப் பாறையில் ஏற ஆளில்லை, கரைவலையும் நின்றுபோயிற்று. சில வருஷங்களுக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்த இளைஞரிடம் என் ஊரைச் சொன்னேன்.

"திருகோணமலையோ? அங்கை சல்லியிலை யப்பான்காரனுக்குக் கொடி காட்டின ஒருத்தன் இருந்தவனெல்லோ. ஆக்களைக் கண்டதும் திடுக்கிட்டானாம்."

சோற்றை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். அது பொய், அவர் மீனுக்குத்தான் துணி வீசினார், எழுதியவனே நான்தான் என்று சொன்னேன்.

அவர் சிரித்தார். "உங்களுக்குத் தெரியாது ஐயா. என்ரை அப்பா பேப்பரிலையே வாசிச்சவர்."