தேயிலைப் பெட்டிக்குள் ஒரு மலைப்பாம்பு

மலைநாட்டில் வட்டகொடைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், காளியாயிக்கு வாய் நீளம் என்று சொல்லாத ஆள் கிடையாது. சொன்னவர்களில் பாதிப் பேர் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். தோட்டத்துத் தொழிற்சாலையான தேயிலை ஸ்டோரில் அவளுக்குச் சாக்கு நனைக்கிற வேலை. அரைத்த கொழுந்தைப் பரப்பிச் சிவக்க விடும் அறையில் காற்று காய்ந்தால் தேயிலை கெட்டுப்போகும். அதனால் சுவரெங்கும் ஈரச்சாக்கு தொங்கவேண்டும். ஈரம் போதுமா போதாதா என்று காளியாயி புறங்கையைக் காற்றில் நீட்டியே சொல்லிவிடுவாள்.

ஐம்பத்தோராம் வருஷம் கார்த்திகையில், கீழே வெயில் காட்டிலிருந்து ஸ்டோர் அடுப்புக்கு வந்த விறகுக் கட்டையின் பொந்தில் ஒரு மலைப்பாம்புக் குட்டி கிடந்தது. ஒன்றரை முழம் இருக்கும். விறகு பிளந்தவன் கோடரியை ஓங்கினான். காளியாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்னயக் கடிச்சுச்சா? பொறவு என்னாத்துக்கு அடிக்கிற?"

கம்பளிக்குள் சுருட்டி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கொண்டுவந்தாள். புருஷன் வீரய்யா எட்டிப் பார்த்தான்; அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு தம்பியின் ஒற்றையறைக் காம்பராவுக்குப் போய்விட்டான். "போகட்டும், குறட்டைச் சத்தம் இல்லாமத் தூங்கலாம்" என்றாள்.

மூலை உடைந்ததென்று ஒதுக்கிய தேயிலைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினாள். உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருந்ததால் சூடு நின்றது. பெட்டியை அடுப்போரம் வைத்தாள். அடுப்பு அணைந்தபின் போத்தலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி உள்ளே வைத்தாள். சூடு இருந்தால் போதும் என்று நினைத்ததுதான் அவள் செய்த தப்பு. மாதம் திரும்பியதும் பாம்பு சட்டை உரித்தது. முழுசாகக் கழலாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டது. காளியாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"தொரையோட தேயிலைக்கி ஈரம் பாக்குற சிறுக்கிக்கி, இதுக்குப் பாக்கத் தெரியலையே!"

அன்றிலிருந்து பெட்டிக்கு மேலே ஈரச்சாக்கு. பாதி வாயை மூடி, பாதியைத் திறந்துவைத்து, காலையும் மாலையும் புறங்கையை உள்ளே விட்டுப் பார்ப்பாள். ஸ்டோரில் எலிக்குப் பஞ்சமில்லை. பாம்பு தேறியது.

தேறியது லயத்துக்குப் பொறுக்கவில்லை. முதலில் பயந்தவர்களே பிறகு கும்பிட ஆரம்பித்தார்கள். மார்கழி மூன்றாம் வெள்ளிக்கிழமை, காளியாயி வேலைக்குப் போன நேரம், பக்கத்துக் காம்பரா ராசம்மா நாலு பெண்களைக் கூட்டிவந்து பெட்டிக்குள் இரண்டு செம்பு பாலும் மஞ்சள் தண்ணீரும் ஊற்றிவிட்டாள். வெளியே பனி புல்லை வெள்ளையாக்கியிருந்தது. காளியாயி திரும்பி வந்தபோது பாம்பு நனைந்து விறைத்துக் கிடந்தது, வாயோரம் நுரை.

"அடி பாவிகளா!"

"சாமிக்கிப் பாலு ஊத்துனா குத்தமா?" என்றாள் ராசம்மா.

"சாமியா இருந்தாலும் குளிரும்டி! ஒன் தலையில ரெண்டு செம்பு ஊத்தி வாசல்ல ஒக்கார வைக்கவா?"

பாம்புக்கு இன்னும் மூச்சு இருந்தது. பாம்பைத் துடைத்து மடியில் கட்டினாள். பெட்டியைத் தலையில் ஏற்றினாள். நேரே ஸ்டோருக்கு நடந்தாள். கொழுந்து காயவைக்கும் அடுப்புக்குப் பின்சுவர் ராவும் பகலும் வெதுவெதுப்பாக இருக்கும். அங்கே விறகு அடுக்குக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கி, ஈரச்சாக்கையும் தொங்கவிட்டாள்.

டீமேக்கர் ஜெயரத்தினம் ஓடிவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஸ்டோர் முழுக்க அவர் ஆட்சி.

"என்ன இது? தேயிலை பாம்பு மணம் பிடிக்குமெண்டு தெரியாதே உனக்கு? கொண்டுபோய் எறி."

"இந்தப் பக்கம் தேயிலை இல்லீங்கய்யா. வெறகுதான் இருக்கு."

"எறியாட்டில் உன்ரை பேரை வெட்டிப்போடுவன்."

அவர் சொன்னது செக்ரோலை, தோட்டத்துக் கூலிப் பதிவேட்டை. பேர் போனால் காம்பராவும் போகும். ஆனால் காளியாயிக்கு வாய் அடங்கவில்லை.

"தோட்டத்து ஆளுங்க பேரையெல்லாம் ஓட்டுப் பொஸ்தகத்துல வெட்டிட்டாங்க. மிச்சம் இருக்கிறது செக்ரோலு ஒண்ணுதான். அதையும் வெட்டுங்க."

ஜெயரத்தினம் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். "இது இந்தக் குளிருக்குரிய சீவன் இல்லை, பிள்ளை. சாகத்தான் போகுது."

"கடல் தாண்டி வந்த நாங்களுந்தான் இல்லீங்க. செத்தா போயிட்டோம்?"

தைப்பொங்கல் வரைக்கும் தவணை கொடுத்தார். அதற்குள் செத்தால் பாம்பை எறிந்துவிட்டு மரியாதையாக வேலையைப் பார்க்கவேண்டும்; பிழைத்தால் பிறகு பேசலாம். பத்து நாள். பாம்பின் கண் பால் படிந்து மங்கியது. சட்டை உரிக்கப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த முறையும் ஒட்டிக்கொண்டால் இருக்கிற உயிரும் தாங்காது. சோறு தின்ன லயத்துக்குப் போகவில்லை. வேலைக்கு நடுவே ஓடிவந்து ஓடிவந்து சாக்கை நனைத்தாள், பிழிந்தாள், புறங்கையை உள்ளே விட்டாள். ராசம்மா ஒருநாள் ரொட்டி கொண்டுவந்தாள். ஒரு கையால் வாங்கித் தின்றாள், மறு கை பெட்டிக்குள் இருந்தது.

பொங்கலன்று காலை ஜெயரத்தினம் கணக்கப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தார். காளியாயி மேசைக்கு முன்னால் வந்து, மடியிலிருந்து எடுத்து அவர் காகிதங்களுக்கு மேலேயே விரித்தாள். மூக்கு நுனியிலிருந்து வால் வரைக்கும், கண்ணின் மேல்தோல்கூட விட்டுப்போகாமல், ஒரு கிழிசல் இல்லாத சட்டை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, சட்டையின் தலைப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"உயிரோடை இருக்கோ?"

"காலையில ஒரு எலி தின்னுச்சுங்க."

"சரி. உது இருபது அடி வளருமெண்டு தெரியுமோ உனக்கு? அப்ப என்ன செய்வாய்?"

காளியாயி சட்டையை வால் பக்கமிருந்து பதமாகச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

"பெரிய பெட்டியாக் கேப்பேங்கய்யா."