வெறும் வயிற்றில் பால் தேத்தண்ணி

ஐந்து வயது மகளுக்குப் பல் சொத்தை. விழித்திருக்கும்போதே ஊசி போட்டுப் பிடுங்குவதா, மயக்கம் கொடுத்தா என்று எனக்கும் மனைவிக்கும் ஒரு வாரமாக இழுபறி. கடைசியில் மயக்கம்தான் என்று முடிவெடுத்து, இன்று காலையில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து கிளம்பிப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கிருந்த யாழ்ப்பாணத்து டாக்டரம்மா கேட்டார்: "பிள்ளை வெறும் வயித்தோடதானே வந்தவ?"

"ஆமாங்க, ஒன்னுமே குடுக்கல. பால் தேத்தண்ணி மட்டுந்தான்," என்றாள் மனைவி, பெருமையாக.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "மயக்கத்தில சத்தி எடுத்தா குடிச்சதெல்லாம் சுவாசப்பைக்குள்ள போயிடும். இண்டைக்கு ஏலாது. அடுத்த கிழமை வாங்கோ."

மகளுக்கு மட்டும் ஏக சந்தோஷம்.

மயக்கத்தைப் பற்றி அவ்வளவு யோசித்த நாங்கள், தேத்தண்ணியைப் பற்றி யோசிக்கவே இல்லை. மலைநாட்டு மக்களே, உண்மையைச் சொல்லுங்கள்: தேத்தண்ணி சாப்பாட்டில் சேர்த்தியா?