ராசாத்தி சொன்ன சாமி

மனித மாண்பைப் பற்றிய ஒரு சொற்பொழிவால் ராசாத்திக்கு வேலை போனது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். வந்தால் சிரித்துக்கொள்ளட்டும், அவளுக்கு வரவில்லை.

எடப்பாடிப் பக்கம் ஒரு பண்ணையத்தில் கூலி வேலை பார்த்த குடும்பம் அவளுடையது. அம்மா சென்னியம்மாள் பண்ணைக்காரர் வீட்டு வாசலுக்கு வெளியே நின்று, "சாமீ..." என்று இழுத்துக் கூப்பிடுவாள். கூப்பிடும்போதே முதுகு தானாக வளையும். அந்த வீட்டுப் பையன் கைலாசமும் ராசாத்தியும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. ஒருநாள் அம்மாவோடு போனவள், "கைலாசம், உங்கப்பா இருக்கறாங்களா?" என்று கேட்டுவிட்டாள். சாமி என்று சொல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்காக அம்மா அந்த இடத்திலேயே அறைந்தாள். பதினான்கு வயசுப் பெண் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. செத்தாலும் அந்தச் சாமியை இனி வாயில் எடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு எடுக்கவும் இல்லை.

இன்னொரு சாமி இருக்கிறது. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அழுகிற குழந்தையும் சாமிதான், இருமுகிற பெரியவரும் சாமிதான். "கொஞ்சம் தள்ளி உக்காரு சாமி" என்று பஸ்ஸில் முன்பின் தெரியாதவரிடம் சொல்வார்கள். அதில் குனிவு கிடையாது, வாஞ்சை மட்டும்தான். எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒன்று. காதால் கேட்டால்தான் தெரியும்.

கல்யாணமாகிச் சேலம் அம்மாபேட்டைக்கு வந்தாள். கணவன் செங்கோடன் போர்வெல் வண்டியோடு வடக்கே போனவன், போன இடத்திலேயே மாரடைப்பில் இறந்தான். மகள் ரஞ்சிதாவை வைத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கும் தனியார் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தக்காரர் மூலமாகத் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். ரஞ்சிதா இப்போது நர்சிங் படிக்கிறாள். அந்தப் படிப்பு நிற்பதும் நடப்பதும் ராசாத்தியின் துடைப்பத்தில் இருந்தது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் அரசியல் சாசனச் சொற்பொழிவு என்று ஒன்று நடக்கும். அன்றைக்கு மட்டும் கழிப்பறையில் சோப்பு இருக்கும். மாணவர்களை வருகைப்பதிவு சொல்லி மிரட்டி அரங்கத்துக்குள் அடைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே தனிமனித சுதந்திரம் பற்றிப் பேச்சு நடக்கும். இந்த வருடம் பேச வந்தவர் சென்னையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி. தலைப்பு, சாசனமும் மனித மாண்பும்.

விருந்தினர் அறையில் நீதிபதிக்கு இருமல் நிற்கவில்லை. ராசாத்தி யாரும் சொல்லாமலே பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோனாள். வாங்கும்போது அவர் கை தவறி மூடி சோபாவுக்கு அடியில் உருண்டது. குனிந்து எடுத்துக் கழுவிக் கொடுத்தாள். "சூடா இருக்குதுங்க, மொள்ளக் குடிங்க சாமி" என்றாள். நடந்தது இவ்வளவுதான்.

நீதிபதி அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார். பையன்கள் தூங்கி விழுந்தார்கள். திடீரென்று தமிழுக்கு வந்தார். "சற்று முன் ஒரு மூதாட்டி என் காலடியில் குனிந்து, கைகூப்பி, என்னை 'சாமி' என்று அழைத்தார். சாசனம் வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அடிமைத்தனம் அவர் ரத்தத்தில் இருக்கிறது. நாம் வெட்கப்பட வேண்டும்!" குரல் தழுதழுத்தது. கைதட்டலில் தூங்கியவர்கள்கூட எழுந்துவிட்டார்கள்.

பக்கக் கதவோரம் அதே பிளாஸ்க்கோடு நின்றிருந்த ராசாத்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாற்பத்தெட்டு வயசில் மூதாட்டி ஆனதுகூடப் போகட்டும். கைகூப்பியது யார்? கழுத்தில் பெயர் எழுதிய அட்டை தொங்கியது, அதையாவது படித்தாரா அந்த மனுசன்?

மறுநாள் பத்திரிகையில் அந்தப் பேச்சு நீதிபதியின் படத்தோடு வந்துவிட்டது. துப்புரவு மேற்பார்வையாளர் ஜெகதீஸ்வரன் அவளை வாசலிலேயே நிறுத்தினான்.

"இங்க நாங்க உங்களை அடிமையாட்டம் வெச்சிருக்கறோம்னு பேப்பர்ல போட்டுட்டாங்க. மேல இருக்கறவங்க கொதிக்கறாங்க. நாளையிலிருந்து வராதீங்கக்கா."

"நா என்ன தப்புப் பண்ணுனேன்?"

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமில்ல?"

ராசாத்தி நேராகச் சட்டத்துறைத் தலைவர் கோகிலவாணியின் அறைக்குப் போனாள். அவர் திருச்செங்கோட்டுக்காரர். தன் மகளிடம் போனில், "சாப்பிட்டயா சாமி" என்று கொஞ்சுவதை ராசாத்தி எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். சொற்பொழிவின்போது மேடையில் நீதிபதிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"நா எந்தச் சாமி சொன்னேன்னு உங்களுக்குத் தெரியுமுங்க மேடம். நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா என்ற வேலை நெலைக்குமுங்க."

"தெரியுதுங்க ராசாத்தி. அவர் பேசறப்பவே தெரிஞ்சுது." கோகிலவாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அத்தனை பேர் முன்னால எப்படி மறுத்துப் பேசறது? இப்பச் சொன்னாலும் அவர் விவரமில்லாமப் பேசிட்டார்னு ஆயிரும். பேச்சைப் புத்தகமாப் போடறோம். அதுல அந்த எடந்தான் நல்லா இருக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

ராசாத்தியின் கண் நிறைந்துவிட்டது.

"அட, அழுகாதீங்க சாமி" என்றார் கோகிலவாணி. பழக்கதோஷம். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நீங்க சொன்னா அது பாசமுங்க. நாஞ் சொன்னா மட்டும் அடிமைப் புத்தியுங்களா?"

கோகிலவாணி வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு என்ன பாடம் நடத்தினாரோ தெரியாது, சமத்துவமாகத்தான் இருக்கும்.

இனி ஒப்பந்தக்காரர் ஒருவர்தான் பாக்கி. சேலத்துப் பணக்காரர்கள் இருக்கும் ஃபேர்லேண்ட்ஸில் அவருக்குப் பெரிய வீடு. ராசாத்தி ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய் நின்றாள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எம்மேல தப்பில்லீங்க, விசாரிச்சுப் பாருங்க, இத்தனை வருசமா ஒரு குறை உண்டா என்று நிமிர்ந்து நின்று கேட்பதாக இருந்தாள்.

கேட்டுக்கு வெளியேதான் நிற்கச் சொன்னார்கள். வெயில் ஏறியது. ஒருவழியாக அவர் வாசலுக்கு வந்து, "யாரது?" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரஞ்சிதாவின் முகம் நினைவுக்கு வந்தது. சொல்லிப் பார்த்ததில் ஒரு வார்த்தையும் வரவில்லை. முப்பத்து நான்கு வருடமாக அடைத்து வைத்திருந்தது சென்னியம்மாளின் குரலிலேயே வெளியே வந்தது.

"சாமீ..."

முதுகு வளைந்தது. கைகளும் கூப்பிக்கொண்டன.

ஒப்பந்தக்காரருக்கு மனம் இளகிவிட்டது. "சரி சரி, போ. ஆஸ்டல் பக்கம் கூட்டு. வெளியாளுக கண்ணுல படாதே" என்றார்.

நீதிபதி மேடையில் சொன்ன பொய்யை ராசாத்தி மெய்யாக்கிவிட்டாள். புத்தகத்தில் இனித் திருத்த ஒன்றுமில்லை. திங்கட்கிழமையிலிருந்து அவள் வேலைக்குப் போகிறாள்.