மாடு எட்டாத தூரம்

பன்னிரண்டாம் வகுப்புக்கு நீள்வட்டப் பாடம் எடுக்கும் வாரம் வந்தாலே லீவு போட்டுவிடலாமா என்று எனக்குத் தோன்றுகிறது. "இரண்டு நிலைப்புள்ளிகளிலிருந்து உள்ள தூரங்களைக் கூட்டினால் வருவது எப்போதும் மாறிலி" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பாமல் டஸ்டரைத் தேடுகிற மாதிரி நிற்கிறேன். போன வருஷம் வரைக்கும் இந்த வரியை எவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

நான் கணியம்பாடிப் பக்கத்துக்காரி. ஜவ்வாது மலையில் வேலை கிடைத்ததும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பிடித்து மகளோடு குடிவந்துவிட்டேன். வீட்டுக்காரருக்கு வேலூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருவார். பால் பாக்கெட் மேலே வந்து சேர்வதற்குள் பாதி நாள் திரிந்துவிடுகிறது என்று ஒரு மாடு வாங்கினோம். அங்கே ஆரம்பித்தது ஏழரை.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்துக் கொல்லைக்கும் நடுவே நீளமாக, ஒடுக்கமாக ஒரு புல்தரை. அந்தப் பக்கம் கல் அடுக்கிய வரப்பு, வரப்பைத் தாண்டினால் பக்கத்து வீட்டு அக்காவின் சாமை. ஒரே முளை அடித்து மாட்டைக் கட்டினால் அது வட்டமாகத்தான் மேயும். கயிற்றை நீளமாக விட்டால் சாமையில் வாய் வைக்கும், குட்டையாக விட்டால் பாதிப் புல் சும்மா கிடக்கும். கணக்கு டீச்சர் சும்மா இருப்பாளா? புல்தரையின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு முளை அடித்தேன். ஒரே நைலான் கயிற்றின் இரண்டு முனைகளையும் இரண்டு முளையில் கட்டி, நடுவில் ஒரு இரும்பு வளையத்தைக் கோத்து, வளையத்தை மாட்டின் கழுத்துக் கயிற்றோடு முடிந்தேன். மாடு எங்கே போனாலும் வளையத்திலிருந்து இந்த முளைக்கு இவ்வளவு, அந்த முளைக்கு அவ்வளவு, இரண்டையும் கூட்டினால் கயிற்றின் நீளம். அதைத் தாண்ட முடியாது. மாடு மேய்வது அசல் நீள்வட்டம், புல்தரைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினேன். "மிஸ், மாடு கணக்கு போடுது மிஸ்!" என்று ஒருத்தி கத்தினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். புருஷனின் குடி தாங்காமல் நெல்லிவாசல்நாட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய் ரொம்ப நாள் இருந்தவர். ஆடி மாதம் அந்தப் புருஷன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், மலைக்குக் கீழே ஒரு கோயிலில் கயிறு கட்டிக்கொண்டார். குடியை விடுகிறேன் என்று சாமி முன்னால் சொல்லி, பூசாரி கையால் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். கயிறு கையில் இருக்கும்வரை சாராயத்தைத் தொடக்கூடாது. அந்தக் கயிற்றை நம்பித்தான் அக்கா திரும்பி வந்தார். மறுபடி குடித்தால் இந்த வீட்டில் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். ஊர் முழுக்க அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணனும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் நடப்பார்.

ஐப்பசியில் சாமை கதிர் முற்றித் தலை சாய்ந்தபோது ஒருநாள் அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, மாட்ட கொஞ்சம் தள்ளி கட்டுங்களேன். வரப்போரம் கதிரெல்லாம் போயிட்டு கீது."

அவ்வளவுதான் கேட்டார். சண்டைக்கு வரவில்லை, நஷ்டம் கேட்கவில்லை. சரிக்கா என்று சொல்லி முளையைப் பிடுங்கி அந்தப் பக்கம் அடித்திருந்தால் முடிந்துபோயிருக்கும். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே!

"எங்க மாடா? அது எட்டவே எட்டாதுக்கா. நான் கணக்குப் போட்டுக் கட்டியிருக்கேன்."

"கதிரு ஒண்டிதான் இல்ல, தாளு அப்படியே நிக்குது. அதான் உங்க மாடோன்னு..."

"பாத்தீங்களா! மாடு மேஞ்சா தாளோட மேயும். கதிரை மட்டும் உருவுறது கை."

அப்படிச் சொன்னபோது யாருடைய கை என்று நான் யோசிக்கக்கூட இல்லை, சத்தியமாக. வாதத்தில் ஜெயிக்கிற ஜோரில் வந்த வார்த்தை. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அதோடு விட்டேனா? என் மாட்டின் மேல் பழி வந்துவிட்டது, ஊரில் நாலு பேர் பேசுவார்களே என்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே ஊர் நாட்டாமையை வரச்சொன்னேன். கூடவே பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். நல்ல வெயில், தரை காய்ந்து கிடந்தது. மாட்டை அவிழ்த்துவிட்டு, வளையத்தில் ஒரு குச்சியைச் செருகி, கயிறு தளராமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு மண்ணில் கோடு போட்டபடியே சுற்றி வந்தேன். நீள்வட்டம் அழகாக விழுந்தது. கோட்டின் மேல் சாம்பலும் தூவினேன். வரப்புக்கும் கோட்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி.

"கழுத்த நீட்டுமே டீச்சர்" என்றார் ஒருத்தர்.

"அதையும் சேத்துத்தான்" என்று மாட்டைப் பிடித்துவந்து கோட்டின் மேல் நிறுத்தி, கழுத்தை நீட்டிக் காட்டினேன். மூக்கு வரப்பைத் தொடவில்லை.

"டீச்சரம்மா கணக்கு போட்டுட்டாங்கன்னா அப்புறம் இன்னா பேச்சு" என்றார் நாட்டாமை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மாடு இல்லையென்றால் வேறு யார் என்ற கேள்வி அத்தனை பேர் முகத்திலும் வந்துவிட்டது. ஒவ்வொருவராக அண்ணனின் மணிக்கட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள். உருவிய கதிரைப் பையில் போட்டுக்கொண்டு போய்ச் சாராயத்துக்குக் கொடுப்பது குடிக்கிறவர்கள் செய்கிற வேலைதான். அண்ணனே முன்னால் செய்தவர்தான்.

"நான் தொடல" என்றார் அண்ணன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "நான் யாரையும் சொல்லலண்ணா. என் மாடு இல்லன்னுதான் சொல்றேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது, இன்றைக்கும்.

அக்கா அந்த வாரமே கிளம்பிவிடவில்லை. அண்ணன் ராத்திரி எல்லாம் கொல்லையில் போய்ப் படுத்துக் காவல் காத்தார். அப்படியும் கதிர் போனது. ராத்திரி அங்கே இருந்தது யார், இவன்தானே என்று ஊர் சிரித்தது. பகலில் அவர் கூலிக்குப் போய்விடுவார், அக்காவும் போய்விடுவார், நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன், என் மாடு நீள்வட்டத்தில் இருக்கும். பகலைப் பற்றி யாருமே நினைக்கவில்லை. ஒருநாள் காலையில் அக்கா துணிமூட்டையோடு ஜீப்புக்கு நிற்பதைப் பார்த்தேன். இன்னாக்கா என்று கேட்டதற்கு, "அம்மா வூட்டுக்கு" என்றார். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

அதற்கு அடுத்த நாள் தூறல். திருத்திய விடைத்தாள்களை வீட்டில் மறந்துவைத்துவிட்டேன் என்று மத்தியானம் எடுக்கப் போனேன். மாடு வரப்போரம் நின்றது. கழுத்து வரப்புக்கு அந்தப் பக்கம். நாக்கை நீட்டி, சாய்ந்திருந்த கதிரைச் சுழற்றி உருவி, தாளை விட்டுவிட்டு நிதானமாக மென்றது. ஈர மண்ணில் இரண்டு முளைகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று சாய்ந்திருந்தன. நனைந்த நைலான் கயிறு ரப்பர் மாதிரி இழுபட்டு நின்றது.

நான் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன்.

மாட்டை இழுத்து வீட்டுக்கு மறுபக்கம் கட்டினேன். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஒடுக்கமான நீள்வட்டத்தில் கயிறு கொஞ்சம் நீண்டால் இரண்டு கோடியிலும் ஒன்றும் தெரியாது, அத்தனையும் நடுவில், பக்கவாட்டில் போய் விரியும். கயிறு ஒரு சாண் இழுபட்டு, முளைகள் நாலு விரல் சாய்ந்தால் போதும், நடுவில் ஒரு முழத்துக்கு மேல் போய்விடும். இதெல்லாம் நான் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுகிற சூத்திரம்தான். மாறிலி, மாறிலி என்று அடித்துச் சொன்னேனே, மாடு இழுத்தால் கயிறு மாறும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றியிருக்கும். தோற்கக்கூடாது என்ற வீம்பு தோன்றவிடவில்லை.

விடைத்தாளோடு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும்போது ஜீப் நிற்கும் இடத்தில் அண்ணன் நின்றிருந்தார். மலைக்குக் கீழே ஒடுகத்தூருக்குப் போகிற ஜீப். மணிக்கட்டில் கயிறு இருந்தது.

"இன்னா டீச்சர், மழைல நனைஞ்சிக்னு போறீங்க" என்றார்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. பக்கத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். "ஒண்ணுமில்லண்ணா, கிளாஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். சாயந்திரம் எல்லோரையும் கூப்பிட்டு முறையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு, நான் ஒரு தாளில் படம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணக்கு தப்பில்லை, கயிறுதான் தப்பு என்று எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அந்தத் தாளை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சாயந்திரம் திரும்பி வந்த ஜீப்பிலிருந்து அண்ணனைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். மணிக்கட்டு வெறுமனே இருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கிக் காட்டினார். "குடிச்சேன் குடிச்சேன்றாங்க இல்ல டீச்சர். இந்தா, குடிச்சிட்டேன்."

"அண்ணா, என் மாடுதாண்ணா. மத்தியானம் என் கண்ணால பாத்தேன்."

அவர் சிரித்தார். "எனக்குத் தெரியுமே. நான் தொடலன்னு எனக்குத் தெரியாதா? அப்ப வேற யாரு, உங்க மாடுதான்."

மறுநாள் நாட்டாமை வீட்டுக்குப் போய் எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னேன். கூனிக் குறுகி நின்றேன், திட்டுவார்கள் என்று. ஒருத்தர்கூடத் திட்டவில்லை. "வாயில்லா ஜீவன், அதுக்கு இன்னா தெரியும்", "டீச்சரம்மா வேணும்னேவா செஞ்சாங்க?" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்கள். காபி கொடுத்தார்கள். அந்த மனுஷன் நான் தொடல என்று சொன்னபோது ஒரு ஆள் நம்பவில்லை. எனக்கு மட்டும் கேட்பதற்கு முன்னாலேயே மன்னிப்பு. அந்தக் காபியை எப்படிக் குடித்து முடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நெல்லிவாசல்நாட்டுக்குக் கிளம்பினேன். ஜீப் பாதி தூரம், நடை மீதி தூரம். அக்கா வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன். மாடுதான், அண்ணன் இல்லை, நான் சொன்னது தப்பு, நான் சொன்ன அன்றைக்கு அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை என்றேன். அழுகை வந்துவிட்டது, அடக்கிக்கொள்ளவும் இல்லை.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா கணக்கு போட்டு பாத்துட்டீங்களா டீச்சரம்மா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். நான் ஆமாம் என்று சொன்னால் நம்புவதற்குத் தயாராக இருந்தார்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அக்காதான் பேசினார். கையில் இருந்த புளியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "இப்ப மாட்ட எங்க கட்டிக்கீறீங்க?"

"வூட்டுக்கு அந்தாண்ட கட்டியிருக்கேன்க்கா. ஒரே முளைல."

"அதத்தான நான் அன்னிக்கு கேட்டேன்" என்றார் அக்கா.